படுத்தாலே பதக்கம்

அறந்தாங்கியில் மூடிப்போன ஓர் அரிசி ஆலையின் நெல் காயவைக்கும் களத்தில்தான் நான் குத்துச்சண்டை கற்றேன். கற்றேன் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. வாசல் பலகையில் கராத்தே, சிலம்பம், யோகா என்று எழுதிவிட்டு, கீழே கொஞ்சம் இடம் மிச்சமிருந்ததால் பாக்சிங் என்றும் எழுதியிருந்தார்கள். மாஸ்டருக்குச் சிலம்பம் நன்றாக வரும், அதில் குறை சொல்ல முடியாது. குத்துச்சண்டையை அவர் செல்போனில் வீடியோ பார்த்துப் பழகினார். சிக்னல் கிடைக்காத நாளில் எங்களைத் தண்டால் எடுக்கச் சொல்லிவிடுவார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கட்டுமாவடியில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்தேன். திருப்பூரில் பனியன் மடித்தேன். கேரளாவில் ரப்பர் தோட்டத்தில் அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்தேன். எங்கேயும் ஒரு வருஷம் தாங்கியதில்லை. அறந்தாங்கியில் ஒரு பரோட்டாக் கடையில் மாவு பிசையச் சேர்ந்த சமயம், அந்தக் களத்தில் தொங்கிய மணல் மூட்டையைப் பார்த்தேன். சும்மா ஒரு குத்து விட்டேன். மூட்டை ஆடியது. மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். ஊரை விட்டுக் கிளம்பத் தோன்றாமல் நான் ஓரிடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனது அதுதான் முதல் முறை. எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. மூட்டையை அடிக்கிற இந்தக் கை, திருப்பி அடிக்கிற ஆளையும் அடிக்குமா?

மாஸ்டரின் கவலை வேறு. களத்தின் முன்னால் ஒரு கண்ணாடி அலமாரி வைத்திருந்தார். அதில் பதக்கங்கள் தொங்கும். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் அலமாரியைப் பார்ப்பார்கள், மாஸ்டரைப் பார்ப்பார்கள், சேர்த்துவிட்டுப் போவார்கள். எந்தப் போட்டி, எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

குத்துச்சண்டையில் ஒரு வசதி உண்டு. அரையிறுதியில் தோற்ற இரண்டு பேருக்கும் வெண்கலம் கொடுத்துவிடுவார்கள். மாநிலப் போட்டிக்கு யார் யார் எந்த எடைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று மாஸ்டர் ஊர் ஊராகப் போன் போட்டு விசாரித்தார். ஐம்பத்தொரு கிலோவில் மூன்றே பேர். நாலாவதாக ஓர் ஆள் போனால் அவனுக்கு முதல் சண்டையே அரையிறுதி. நானோ அறுபது கிலோ.

“தம்பி, ஒன்பது கிலோதான. எறக்கிருவோம்” என்றார், ஏதோ லாரியிலிருந்து சிமெண்ட் மூட்டையை இறக்குவது போல.

பட்டினி எனக்குப் புதிதல்ல. ஆனால் அதுவரை நான் கிடந்த பட்டினியெல்லாம் சோறு இல்லாத பட்டினி. பரோட்டாவுக்கு நடுவில் நின்றுகொண்டு, சால்னா வாசத்தை மூக்கு நிறைய வாங்கிக்கொண்டு கிடக்கும் பட்டினி வேறு ரகம். மத்தியான வெயிலில் உர மூட்டையின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறையை உடம்பில் சுற்றிக்கொண்டு ஓடினேன். வேலை நேரத்தில் சூடான பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்திலேயே நின்று வியர்த்தேன். கடைசி நாளில் தண்ணீரும் கிடையாது. போட்டிக்குப் பஸ்ஸில் போகும்போது நெல்லிக்காயை வாயில் அடக்கி, எச்சிலும் எடைதான் என்று ஊறியதையெல்லாம் ஒரு டப்பாவில் துப்பிக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து நின்றுகொண்டார். எடை மேடையில் ஏறியபோது முள் சரியாக நின்றது. என்னால்தான் சரியாக நிற்க முடியவில்லை.

எதிராளி பிறந்ததிலிருந்தே ஒல்லியானவன். இரண்டு வேளை இட்லி சாப்பிட்டுவிட்டு வந்திருந்தான், ஏப்பத்திலேயே தெரிந்தது. முதல் சுற்றில் அவன் அடித்ததை எண்ணும் அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை. நான் அடித்தது காற்றின் மீது. இரண்டாவது சுற்றில் இடது காதின் மேல் ஒன்று விழுந்தது. உள்ளே ஏதோ துணி கிழிவது போல ஒரு சத்தம், பிறகு ‘ஞொய்’ என்று ஒரே இரைச்சல். விழுந்தேன். நடுவர் எண்ணத் தொடங்கினார். நான் முழங்காலை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தேன். மூலையிலிருந்து மாஸ்டரின் குரல் நல்ல காதில் விழுந்தது.

“படுடா! எதுக்குடா எந்திரிக்கிற? மெடல் வந்துருச்சு, படு!”

அரங்கில் சிரித்தார்கள். நடுவருக்குமே எண்ணிக்கை கொஞ்சம் தடுமாறியது. நான் எழுந்தேன். எழுந்து இன்னும் நாலைந்து வாங்கினேன். அதன்பிறகு நடுவரே இரக்கப்பட்டு நிறுத்திவிட்டார்.

திரும்பி வந்து ஆஸ்பத்திரியில் காட்டினேன். டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “செவிப்பறை கிழிஞ்சிருக்கு. தண்ணி படக்கூடாது, அடி படக்கூடாது. தானா மூடிக்கும், ஆனா மாசக்கணக்குல ஆகும்” என்றார். பிறகு என் கன்னத்தைப் பார்த்து, “சாப்பாடெல்லாம் கிடைக்குதா இல்லையா?” என்று கேட்டார். பரோட்டாக் கடையில் வேலை பார்ப்பதாகச் சொன்னேன். நம்பவில்லை.

மாஸ்டர் காதைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் வரவேற்பு ஏற்பாட்டில் இருந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து களம் வரை ஊர்வலம். ஒரு குட்டியானை சரக்கு வண்டி, அதன் பின்தட்டில் என்னை நிற்க வைத்து ஆளுயர மாலை. வண்டியில் கட்டிய பேனரில் மாஸ்டர் படம் பெரிதாக, கையைக் கட்டிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு. என் படம் மூலையில் ஆதார் அட்டை அளவுக்கு. முன்னால் தப்பு மேளம் அடித்துக்கொண்டு போனார்கள். கிழிந்த காதுக்குப் பஞ்சு வைத்து, அதற்கு நேர் எதிரில் தப்பு அடித்தால் எப்படி இருக்கும் என்பதைப் பட்டால்தான் தெரியும். ஒவ்வோர் அடிக்கும் கடைவாய்ப் பல் வரை வலித்தது. ஜனங்கள் நான் உணர்ச்சிவசப்பட்டுக் கண் கலங்குவதாக நினைத்தார்கள்.

டீக்கடை முன்னால் வண்டி நின்றது. கண்ணாடி டம்ளர் கழுவிக்கொண்டிருந்த கடைக்காரர் என் வீங்கிய முகத்தை அண்ணாந்து பார்த்தார்.

“என்னப்பா, எந்த ஊரு வாடிவாசல்ல மாடு முட்டுச்சு?”

“மாடு இல்லண்ணே, பாக்சிங்கு.”

“அட, செயிச்சியா?”

“இல்லண்ணே, தோத்துட்டேன்.”

அவர் மாலையைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார், தப்புக்காரர்களைப் பார்த்தார். “அடி வாங்குனவனுக்கே இம்புட்டு மாலைன்னா, அடிச்சவன அவுங்க ஊர்ல பல்லக்குல தூக்கியிருப்பாய்ங்களே!”

தப்புக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். காதுக்குக் கிடைத்த அந்த ஓய்வுக்காக நான் கடைக்காரருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அவர் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

மாஸ்டர் மைக்கை எடுத்தார். “மாநில அளவில் மூன்றாம் இடம்! வீழ்ந்தாலும் எழுந்து நின்ற எங்கள் சிங்கம்!” நாலு பேரில் மூன்றாம் இடம் என்று சொல்லவில்லை. சிங்கம் எழுந்தபோது தான் என்ன சொன்னார் என்பதையும் சொல்லவில்லை. “இதே எடைப் பிரிவில், அடுத்த மாதம், தென்மண்டலப் போட்டியில்...”

நான் அவர் தோளைத் தொட்டேன். “மாஸ்டர், அந்த எடைக்கு இனிமே நான் வரலைங்க.”

அவர் மைக்கை உள்ளங்கையால் மூடினார். சரியாக மூடவில்லை. “இங்கிட்டு வச்சு என்னடா பேச்சு? சிரி, போட்டோ எடுக்குறாய்ங்க.”

“காது ஆறட்டும். அப்புறம் அறுபதுல விடுங்க. சாப்புட்டுட்டு அடிச்சுப் பாக்குறேன்.”

“அறுபதுல எம்புட்டுப் பேரு வாரான் தெரியுமா? மொத சண்டையிலயே வெளிய வந்துருவ. மெடலுக்கு நான் எங்கிட்டுப் போறது?”

“மெடல் வேணாங்க. ஒருத்தனையாவது அடிக்கணும்.”

“அடிச்சு? படிச்சது எட்டு. ஒனக்கென்ன கலெக்டர் வேலையா போட்டுத் தரப் போறாய்ங்க? நான் இல்லன்னா இந்த மாலை விழுந்துருக்குமாடா ஒனக்கு?”

“நீங்க இல்லன்னா காதும் போயிருக்காதுங்க.”

“படுன்னு கத்துனேன்ல? படுத்துருந்தா காது இருந்துருக்கும். எந்திரிச்சது யாரு?”

இது நியாயமான கேள்வி. கடைத்தெரு முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டு நின்றது.

“எந்திரிச்சது நாந்தாங்க. அதான் போறேங்க” என்று சொல்லிவிட்டு மாலையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். சண்டை போட்டுப் பிரியும்போதும் ‘ங்க’ விடவில்லை. அது எங்கள் பக்கத்துப் பழக்கம். கழுத்தை நெரித்தாலும் மரியாதையாகத்தான் நெரிப்போம்.

வண்டியிலிருந்து இறங்கினேன். ஊர்வலம் நின்றுவிடும் என்று ஓர் ஓரத்தில் எதிர்பார்த்தேன். நிற்கவில்லை. தப்பு மறுபடி முழங்கியது. வெறும் வண்டியாகப் போனால் அசிங்கம் என்று மாஸ்டர் மாலையைத் தானே போட்டுக்கொண்டு கும்பிட்டபடி போனார். அவருக்கு அது எனக்கு இருந்ததைவிடப் பொருத்தமாகவே இருந்தது.

காது மூட மழைக்காலம் வரை ஆனது. அதன்பிறகு புதுக்கோட்டையில் ஒரு கிளப்பில் போய் நின்றேன். அங்கிருந்த கோச் நான் சண்டைக்கு நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, “சிலம்பக் கம்ப எங்க வச்சுட்டு வந்த?” என்று கேட்டார். யார் சொல்லிக் கொடுத்தது என்றும் கேட்டார். நானாகப் பழகியது என்றேன். உண்மையைச் சொன்னால் மாஸ்டரின் மானம் போகுமா, என் மானம் போகுமா என்று சரியாகத் தெரியவில்லை.

அடுத்த போட்டியில் அறுபது கிலோவில் இறங்கினேன். முதல் நாள் வயிறாரச் சாப்பிட்டேன், மறுநாள் காலையிலும் சாப்பிட்டேன். மாஸ்டர் சொன்னது அப்படியே பலித்தது. முதல் சண்டையிலேயே வெளியே வந்தேன். மூன்று சுற்றும் நின்றேன், புள்ளியில் தோற்றேன். பதக்கம் இல்லை, மாலை இல்லை, பேனர் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நானே நடந்து போனேன்.

அங்கே டீக்கடையில் என்னை ஜெயித்தவன் நின்றுகொண்டிருந்தான். “வாங்கண்ணே, டீ சாப்புடுங்க” என்று கூப்பிட்டான். எனக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, தன் டம்ளரை எடுத்து உதட்டில் வைத்தான். வைத்த வேகத்தில் “ஸ்ஸ்” என்று எடுத்துவிட்டான். மேல் உதடு கிழிந்து, புளியங்கொட்டை அளவுக்கு வீங்கியிருந்தது.

“ரெண்டாவது ரவுண்டுல ஒரு லெஃப்ட் போட்டீங்கள்ல?” என்றான் குறையாக.

டீயை ஊதி ஊதி, வாயின் மறுபக்கமாகச் சாய்த்து, சொட்டுச் சொட்டாகக் குடித்தான். நான் ஏற வேண்டிய பஸ் வந்து போனது. அவன் குடித்து முடிக்கும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.