முடிதிருத்துபவரின் வலது தோள்

கண்ணாடிக்கு முன்னால் நின்றே காலம் தள்ளிய மனிதர் அவர். ஆனாலும் அதில் தன்னைப் பார்த்துக்கொண்டதென்னவோ அபூர்வம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கிருதாவும் பிடரியும்தான் அவர் கண்ணுக்குத் தெரியும். இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருக்கிற ஆளை இதுவரை பார்த்ததில்லை என்று அடித்துச் சொல்வார். காது ஏறி இறங்கியிருந்தால் அதற்குத் தக்கபடி கிருதாவை வெட்டி, தலையை லேசாகச் சாய்த்துப் பிடித்து, "பாருங்க, நூல் பிடிச்ச மாதிரி இருக்கு" என்பார். வந்தவரும் சந்தோஷமாக எழுந்து போவார். அது ஏமாற்று வேலை என்று யாராவது வாயைத் திறந்தால் போச்சு, சண்டைக்கே வந்துவிடுவார்.

நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. சூடாக எதையோ குடித்ததால் வந்தது என்று அலட்சியமாக இருந்துவிட்டார். அது புற்றுநோய் என்று தெரிந்து, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாவற்றையும் தாண்டி வீடு வந்து சேர்ந்தபோது உயிர் மிஞ்சியிருந்தது. பேச்சும் சற்றே குழறலோடு மிஞ்சியிருந்தது. வலது தோள்தான் அவரோடு முழுசாக வரவில்லை. நோய் பரவாமலிருக்கக் கழுத்திலும் கத்தி வைத்திருந்தார்கள். அதில் தோளைத் தூக்கும் நரம்பு அடிபட்டிருந்தது. தோள் சரிந்து தொங்கியது. கையைப் பக்கவாட்டில் தூக்கினால் பாதி வழியிலேயே நின்றுவிடும். நரம்பு அறுந்துபோகவில்லை, விடாமல் பயிற்சி செய்தால் பெரும்பாலும் தேறும் என்றார் டாக்டர்.

வீட்டில் யார் விட்டார்கள்? அவர் தண்ணீர் டம்ளரைத் தொட்டால் போதும், "என்னங்க, வைங்க கீழ" என்று மனைவி ஓடி வருவாள். சட்டைப் பொத்தான் போட மகள் வந்து நிற்பாள். பாசத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்தப் பாசம் நல்ல மனிதரை ஜன்னலோர நாற்காலியில் ஆணி அடித்து உட்கார வைத்துவிட்டது.

கடையை அவரும் மனைவியின் தம்பியும் சேர்ந்து நடத்தினார்கள். இருப்பதே இரண்டு நாற்காலி. அதில் அவருடையது மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தது. விடுமுறை நாளில் ஆட்கள் வாசல் வரைக்கும் நின்று, பொறுமை இழந்து, அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். ஒருநாள் மைத்துனன் வீட்டுக்கு வந்தான். காலை மாற்றி மாற்றிப் போட்டு உட்கார்ந்துகொண்டே இருந்தான்.

"என்ன மாப்ளே, வந்த விஷயத்தைச் சொல்லு."

"ஒரு ஆள் வேலை கேட்டு வர்றான், மாமா. நல்லாத்தான் வெட்டறான். உங்க நாற்காலியில உக்கார... இல்ல, நிக்க வைக்கட்டுமா?"

"நான் வந்துடுவேன்."

"எப்ப?"

"வந்துடுவேன்னு சொல்றேன்ல!"

அவன் போன பிறகு அவர் கத்திரிக்கோலை எடுத்துக் காற்றில் வெட்டிப் பார்த்தார். விரல்கள் பழையபடி ஓடின. தோள்தான் கையைத் தாங்க மாட்டேன் என்றது. அன்று முதல்முறையாக அவருக்கு உண்மையிலேயே பயம் வந்தது. நோய்க்குக்கூட அவர் அப்படிப் பயந்ததில்லை.

மறுநாளே மருத்துவமனையின் பின்கட்டில் இருந்த பயிற்சிக் கூடத்துக்குப் போனார். சுவர் நிறையக் கண்ணாடி. மார்பகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், நுரையீரலில் செய்துகொண்டவர்கள் எனப் பலரும் ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியைக் கண்டதும் அவருக்குத் தாய்வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. பயிற்சியாளர் அவருடைய மகள் வயதுப் பெண். சிரித்த முகம், கறாரான வாய். தினமும் கையைத் தூக்கச் சொன்னாள். அவரும் தூக்கினார். சீக்கிரத்திலேயே இரண்டு தோளும் கண்ணாடியில் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டன. கையும் காது வரை போனது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

பயிற்சியாளர் பின்னால் வந்து நின்று, அவர் இடுப்பைத் தொட்டு நேராக நிறுத்தினாள். வலது தோள் பொத்தென்று கீழே இறங்கியது.

"சார், நீங்க கையைத் தூக்கல. உடம்பைச் சாய்ச்சுக்கறீங்க."

"கண்ணாடியில சரியாத்தானே இருக்கு?"

"கண்ணாடியில சரியா காட்டறதுதான் உங்க தொழில். தோளுக்கு அது தெரியாதே."

காது ஏறி இறங்கினால் தலையைச் சாய்க்கிற அதே பழக்கம். தனக்கே தெரியாமல் தன்னையும் அப்படிச் சாய்த்து வைத்திருந்தார். அவள் கண்ணாடியின் மேல் போர்வையை மாட்டிவிட்டு, முதுகைச் சுவரில் ஒட்டி நிற்கச் சொன்னாள். அப்படி நின்று தூக்கியபோது கை மார்பு உயரத்தைக்கூடத் தொடவில்லை. இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீண் என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்?

அவள் ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. "பழைய கை முழுசா வரும்னு பொய் சொல்ல மாட்டேன். வேலைக்குப் போதுமான கை வரும். ஆனா களைச்சா நிறுத்தணும், நிறுத்தறேன்னு வாய்விட்டுச் சொல்லணும்" என்றாள். அடுத்த முறை மனைவியையும் வரவழைத்து, "அம்மா, அவருக்காக நீங்க தூக்கற ஒவ்வொரு டம்ளரும் அவர் தோள் செய்ய வேண்டிய வேலை" என்றாள். மனைவிக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டியவள் அவள்தான். அவர் சுணங்கினால், "என்னங்க, ஜன்னல் காத்திருக்கு" என்று விரட்டியவளும் அவள்தான்.

ஒரு நாள் கை நன்றாக ஏறும். மறுநாள் வலியில் டம்ளரே கனக்கும். இனி இதைத் தொடவே மாட்டேன் என்று பட்டையை மூலையில் வீசிவிட்டு, மாலையில் முனகிக்கொண்டே போய் எடுத்து வருவார். இப்படியே போய், கை தோள் மட்டத்துக்கு வந்தது. உடம்பு சாயாமல் வந்தது. அதற்கு மேல் ஏற மறுத்தது.

அதோடு கடைக்குப் போனார். வேலை கேட்ட புது ஆளுக்கு அன்றைக்குள் பதில் சொல்வதாக மைத்துனன் வாக்குக் கொடுத்திருந்தான். "முதல்ல என் தலையில வெட்டுங்க, மாமா. அப்புறம் பேசிக்கலாம்" என்று அவரது நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். அவர் நாற்காலியை நன்றாகத் தாழ்த்திக்கொண்டார். முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு வெட்டத் தொடங்கினார். கத்திரிக்கோலின் சத்தம் கேட்டதும் அவருக்கே உடம்பு சிலிர்த்தது. ஒரு பக்கம் முடிந்து உச்சந்தலைக்குப் போகும்போது தோள் எரிந்தது. உடம்பு மெல்ல இடது பக்கம் சாய ஆரம்பித்தது. கண்ணாடியில் மைத்துனன் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் தொழில்காரன், அவன் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா?

அவர் நிமிர்ந்து நின்றார். கத்திரிக்கோலைக் கீழே வைத்தார்.

"கை களைச்சுப்போச்சு. கொஞ்சம் இரு."

மைத்துனன் பாதி வெட்டிய தலையோடு தெருவை வேடிக்கை பார்த்தான். அவர் சுவரில் முதுகை ஒட்டி நின்று தோளை ஆற்றிக்கொண்டு, மறுபடி வந்து மிச்சத்தையும் முடித்தார்.

மைத்துனன் கைக்கண்ணாடியை வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சொன்னா கோச்சுக்கக் கூடாது, மாமா."

"சொல்லு."

"பிடரியில வலப்பக்கம் கனமா விட்டிருக்கீங்க. இது என்ன வெட்டு? நாளைக்கு வர்றவங்களுக்கு இப்படி வெட்டிடாதீங்க, நம்ம கடை மானம் போயிடும்."

நோய் வந்த நாளிலிருந்து எல்லாரும் அவரிடம் நல்லா இருக்கீங்க, தேறிட்டீங்க என்றுதான் சொன்னார்கள். அவர் வேலையில் குற்றம் கண்டுபிடிக்க இத்தனை நாளாக ஓர் ஆள் இல்லை. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. அவன் பின்மண்டையில் கை வைத்து அழுத்தினார்.

"தலையைக் குனிடா."