சம்பந்தியின் இலை

படிக்கப் போன இடத்தில் என் பெண்ணுக்கு அலபாமாக்காரப் பையன் ஒருவனைப் பிடித்துப்போய்விட்டது. அவன் தன் அப்பாவை அழைத்துக்கொண்டு கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரி வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. பெண்ணைப் பெற்றவர்களை நேரில் பார்த்துக் கேட்பதுதான் அவர்கள் பக்கத்து மரியாதையாம். அமெரிக்காவில் அப்பனாவது பிள்ளையாவது என்று நினைத்திருந்த எனக்கு இதுவே புதிது. அம்மா இல்லாத பையன். அப்பா சரி என்று சொல்லாமல் கல்யாணம் செய்துகொள்ள மாட்டான் என்று பெண் சொல்லிவிட்டாள்.

அந்த அப்பா அவர்கள் கிறிஸ்தவ சபையில் மூப்பர். குடிக்கமாட்டார், ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கமாட்டார், ஜெபம் பண்ணாமல் கவளம் எடுக்கமாட்டார். நல்ல குடும்பமாகத்தான் தோன்றியது. கடைசியில் பெண் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"அம்மா, நைவேத்தியம் பண்ணினதை அவர் தொடமாட்டார். அவா வேதத்திலே விலக்கியிருக்கு. அன்னிக்கி ஒரு நாள் மட்டும் வேண்டாமே."

எங்கள் வீட்டில் சுவாமிக்குக் காட்டாமல் ஒரு பருக்கை அடுக்களையை விட்டு வெளியே வராது. காட்டுகிறவர் என் கணவர். இன்றைக்கு மணியடிக்க வேண்டாம் என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது? சொன்னால் கல்யாணமே வேண்டாம் என்பார். களமசேரி ஆலையில் மேலதிகாரிகளிடமே விட்டுக்கொடுக்காத மனிதர். பயந்துபோய் வாயை மூடிக்கொண்டேன். அவர் வழக்கம்போல மணியடித்தார். எனக்கு நெஞ்சுக்குள் அடித்தது.

வந்தவர் உயரமாக, வெயிலில் முகம் சிவந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கூடத்துக்குள் நுழையும்போதெல்லாம் எழுந்து நின்றார். தண்ணீர் கொண்டுவந்தேன், எழுந்தார். ஃபேனைக் கூட்டிவைக்க வந்தேன், எழுந்தார். வயசான மனிதரைத் தோப்புக்கரணம் போடவைக்கிறேனே என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. "அவா ஊர்லே பொம்மனாட்டி வந்தா எழுந்துக்கணும்மா" என்று பெண் காதைக் கடித்தாள்.

மேஜையில் இலை போட்டு மொளகூட்டல், எரிசேரி, பாயசம் என்று ஒவ்வொன்றாகப் பரிமாறினேன். அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபமும் இல்லை, சாப்பாடும் இல்லை. பையனும் தொடவில்லை. சாதம் ஆறிக்கொண்டிருந்தது. தெரிந்துவிட்டது என்றே முடிவு கட்டினேன். பெண்ணின் முகம் வெளுத்திருந்தது. என்னால்தான் இவள் வாழ்க்கை போயிற்று என்று நினைத்தேன்.

"மேம், நீங்கள் உட்காராமல் நாங்கள் எப்படி ஆரம்பிப்பது?" என்றார் அவர்.

விருந்தாளி கையலம்பின பிறகு சாப்பிட்டே பழகியவள் நான். அன்றைக்கு ஓடிப்போய் உட்கார்ந்தேன். போன உயிர் திரும்பி வந்தது. அவர் என் ஒரு கையையும் என் கணவரின் கையையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபித்தார். என் கணவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. தெய்வபக்தி உள்ள மனிதர் என்ற சந்தோஷத்தில், நாங்களும் அப்படித்தான், காலையிலேயே இதையெல்லாம் சுவாமிக்குப் படைத்தாயிற்று என்று இங்கிலீஷில் விளக்கமாகச் சொல்லிவிட்டார்.

பெண் கண்களை மூடிக்கொண்டாள். பையனின் அப்பா, எடுத்த கவளத்தை மெதுவாக இலையிலேயே வைத்தார்.

"மன்னித்துக்கொள்ளுங்கள் மேம். நீங்கள் எவ்வளவு சிரமப்பட்டிருப்பீர்கள் என்று தெரிகிறது. ஆனால் இதை நான் சாப்பிட முடியாது. உங்கள் மகளை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். இதை மட்டும்தான்." சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. இந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன். இடக்கொச்சியில் கிறிஸ்தவ சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் என் அப்பா அங்கே சமைத்ததைத் தொடாமல் ஓர் இளநீரோடு எழுந்துவிடுவார். இப்படித்தான் மன்னிப்புக் கேட்பார். அந்த வீட்டம்மாளின் முகம் எப்படி இருந்தது என்று நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

பசியோடு ஒருவரை அனுப்ப மனசு வரவில்லை. ஸ்டோர் ரூமில் நேந்திரங்குலை தொங்கியது, அதை இன்னும் சுவாமிக்குக் காட்டவில்லை. நாலு பழத்தைப் பறித்து இட்லிப் பானையில் வேகவைத்தேன். சிக்கல் தீர்ந்தது, அவர் சரி என்று சொல்லிவிட்டார், இனி என்ன பயம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெண் அடுக்களைக்குள் வந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

"அவர் வீட்டிலேதான் நாங்க இருக்கப்போறோம். ஒரே அடுக்களை. அவர் வேட்டைக்குப் போய் மான் சுட்டுண்டு வருவார், அதே அடுப்பிலே வைப்பா" என்றாள். பிறகு, "நான் அங்கே உனக்காக ஒரு ரசம் வெச்சா, நீ வந்து சாப்பிடுவியாம்மா?" என்று கேட்டாள்.

சாப்பிடுவேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கண் முன்னால் அந்த அடுப்பு வந்து நின்றது, சொல்ல முடியவில்லை. அவள் பழத் தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அவருக்குப் பரிமாறப் போனாள்.