தையல்காரர் விரித்த புல்

தையல்காரர் முதல் முறை வாசலில் புல் விதை தூவினார், குருவிகள் தின்றன. இரண்டாம் முறை தூவியதை மழை தெருவுக்கு அடித்துக்கொண்டுபோனது. மூன்றாம் முறைக்கு மனைவி கெடு வைத்தாள்.

"பதினஞ்சு நாள். அதுக்குள்ள புல்லு வேர் பிடிக்கலைன்னா, என் தம்பிய விட்டு வாசல் பூரா சிமெண்ட் போட்டுடுவேன். சேறு கழுவியே முதுகு ஒடிஞ்சுபோச்சு."

தம்பி கொத்தனார், கூப்பிட்ட குரலுக்கு வருகிறவன். தையல்காரரோ முப்பத்தொரு வருடமாகக் கடையில் எதிர்ச்சுவரைப் பார்த்தே ஊசி கோத்தவர். வீட்டிலாவது கண்ணுக்குப் பச்சையாக ஏதாவது வேண்டும்.

ஆகவே வேரும் மண்ணுமாக வெட்டியெடுத்த புல்லையே நர்சரியில் வாங்கினார். இரண்டடிக்கு இரண்டடி, நாற்பத்திரண்டு துண்டு. வாசல் பன்னிரண்டுக்குப் பதினான்கு. கணக்குக் கச்சிதம். மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, நனைத்து, காலை ஆறேகாலுக்கு விரிக்கத் தொடங்கினார். பத்து மணிக்குக் கடைசித் துண்டை வைத்து நிமிர்ந்தால், மதிலோரம் மூன்று அங்குலம் வெறும் மண்.

நர்சரிக்காரருக்குப் போன் போட்டார். "என்னய்யா, உங்க புல்லு சுருங்கிடுச்சே?"

"அண்ணே, புல்லு வளரும். சுருங்காது."

வேடிக்கை பார்க்க வந்த மச்சான் வாயை மூடிக்கொண்டிருந்தால் சிமெண்ட் வேலை அவனுக்குத்தான். ஆனால் கோணல் இணைப்பைக் கண்டும் சும்மா போகிற கொத்தனார் இன்னும் பிறக்கவில்லை. குனிந்து ஓரத்தைத் தூக்கினான்.

"மாமா! என்ன இது, ஒண்ணுமேல ஒண்ணு?"

"தையலுக்கு அரை அங்குலம் விட்டேன்."

"விட்டு? மிஷின்ல போட்டு ஓட்டப்போறீங்களா?"

சமையலறையில் மனைவி சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது.

"ஓரத்தோட ஓரம் முட்டணும் மாமா. தள்ளுங்க."

நாற்பத்திரண்டையும் இருவரும் எடுத்து மறுபடி வைத்தார்கள். மூன்று அங்குலமும் மூடியது. யாருக்கு உதவினோம் என்பது அப்போதுதான் உறைத்ததுபோல், கொத்தனார் டீ குடிக்காமலே போனான்.

அன்று முதல் காலையில் இருபது நிமிடம், மாலையில் பதினைந்து நிமிடம் தண்ணீர். நனைந்த புல்லை மிதிக்கக் கூடாதென்று எல்லோருக்கும் பின்வாசல்தான் வழி. தபால்காரர் கடிதங்களை மதிலுக்கு மேலாக எறிந்தார். ஒன்பதாம் நாள் குழாயில் தண்ணீர் நின்றபோது, குளிக்க வைத்திருந்த இரண்டு வாளியும் புல்லுக்குப் போயின.

"அது குளிச்சாச்சு. நீங்க எப்போ?" என்றாள் மனைவி.

பதினைந்தாம் நாள் அவளே சோதனைக்கு இறங்கினாள். ஈரப் போர்வை பிழிகிற கை. ஒவ்வொரு துண்டாகப் பற்றி இழுத்தாள். முப்பத்தொன்பது அசையவில்லை. மூன்று மட்டும் அப்படியே கையோடு வந்தன. மூன்றும் கேட்டிலிருந்து கதவுக்கு, காலடிக்கு ஒன்றாக நேர்வரிசையில் இருந்தன.

தையல்காரர் அவளுடைய செருப்பைப் பார்த்தார்.

"பால் வாங்கப் போனேன்," என்றாள். "தினமும் வீட்டைச் சுத்திப் போக என் முழங்கால் கேட்குமா?"

அவளால் அதற்குமேல் பேச்சை இழுக்க முடியவில்லை. "சரி. அந்த மூணு இடத்துக்கு மட்டும் சிமெண்ட்."

கொத்தனார் வந்து ஒரே சட்டியில் கலவை குழைத்தான்.

"மூணு பலகைக்கு என்னை எதுக்குக்கா கூப்பிட்டே?"

"பேசாம போடுடா. புல்லு மேல தெறிச்சுதோ, தொலைச்சுப்புடுவேன்."