கப்பலேறிப் போய்விட்டதாக ரங்கத் சொன்ன மனிதர்

காலை ஆறு மணி, ஜிர்காடாங் சோதனைச் சாவடி. போர்ட் பிளேயரில் இருட்டோடு நான் ஏறிய அரசுப் பேருந்து, வண்டி வரிசை கிளம்புவதற்காக நின்றுகொண்டிருந்தது. சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூட நான் இந்நேரம் எழுந்ததில்லை. இனி ஐம்பது கிலோமீட்டர் காடு. வண்டியை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, காட்டில் வாழ்பவர்களைக் கண்டால் கையாட்டக்கூடக் கூடாது. காவல் வண்டி முன்னே போக, நாங்கள் பின்னே போனோம்.

நாடகம், பாட்டு, ஓவியம் என்று எதையாவது செய்து மிரட்டலுக்கு ஆளானவர்களை மூன்று மாதம் தங்கவைக்க, மதுரையில் எங்கள் சிறு குழுவுக்கு ஒரு மாடி அறை உண்டு. அந்தமானின் ரங்கத் ஊரில் தெருநாடகம் போடும் இருதயராஜ் எங்களுக்கு எழுதியிருந்தார். கடற்கரை மணலை லாரியில் அள்ளிப் போவதைப் பற்றி ஒரு நாடகம் போட்டார். இரண்டு பேர் வந்து குழுவின் தப்பு மேளத்தை உடைத்தார்கள். அடுத்தது கை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு அவர் போன் அணைந்தே கிடந்தது. அவரைக் கூட்டிவரத்தான் போனேன்.

எட்டரை மணிக்குப் பாராடாங் போகும் படகில் பேருந்தோடு நாங்களும் ஏறினோம். நடத்துனர் ரங்கத் தமிழர், நல்ல வாயாடி. இருதயராஜைத் தெரியுமா என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. அலையாத்தி மரங்களைப் பார்த்தபடி சொன்னார்.

“நீலச் சட்டை, ஒத்தப் பை. செவ்வாக்கெழம கப்பல்ல மெயின்லேண்டு போயிட்டாரு.”

 எங்களிடம் சொல்லாமல் எங்கே போயிருப்பார்?

பதினொன்றரைக்கு ரங்கத் கடைத்தெருவில் இறங்கினேன். முதல் டீக்கடையில் ஒரு பெங்காலி அம்மா. டீ பதினைந்து ரூபாய். அரைகுறை இந்தியில் கேட்டேன். பாத்திரம் கழுவுவதை நிறுத்தாமல் இந்தியில் பதில் சொன்னார்: நீலச் சட்டை, ஒற்றைப் பை, செவ்வாய்க்கிழமை கப்பல். லாட்ஜில் சாவி கொடுத்த பாய் நான் கேள்வியை முடிக்கும் முன்பே தொடங்கினார். நீலச் சட்டை, ஒத்தப் பை. அதே நிதானம், அதே இடத்தில் அதே மூச்சு.  அவரைக் கொன்று புதைத்துவிட்டு ஊருக்கே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

தலைவலி மாத்திரை வாங்கும் சாக்கில் மருந்துக்கடையிலும் கேட்டேன். கடைக்காரர் தங்கராசு, கட்டையான மனிதர். கல்லாவை விட்டு எழுந்து நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “நீலச் சட்டைங்க. ஒத்தப் பை. இடது கையில வெள்ளக் கட்டு. பாவம், செவ்வாக்கெழம கப்பல்ல மெயின்லேண்டு போயிட்டாரு.” கண்கூடக் கலங்கியிருந்தது.

மூன்று மணிக்கு அறைக் கதவு தட்டப்பட்டது. நாற்பது வயதுப் பெண், கையில் குடை.

“மதுரை அக்காதானே? நான் மேரி, இருதயராஜோட தங்கச்சி. ஏன்க்கா இப்பிடி ஊரெல்லாம் கேட்டு வச்சிருக்கீங்க? ஜல்தி வாங்க.”

மூன்று கிலோமீட்டர் ஆட்டோ, அப்புறம் பாக்குத் தோப்புக்குள் நடை. பாக்கு காயவைக்கும் கொட்டகையில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார், கப்பலேறிப் போனவர். நீலச் சட்டைதான். அவரைத் தொட்டுப் பார்க்கலாமா என்றிருந்தது எனக்கு.

“பயந்துட்டீங்களா? அப்ப நல்லாத்தான் செய்யிறாங்க” என்று சிரித்தார். “நாடகத்த நான் எழுதிக் குடுக்கிறதில்லக்கா. இங்க பெங்காலி, தெலுங்கு, தமிழுன்னு ஆளுக்கொரு எழுத்து. அதனால ஆளுக்கு ஒரு வரி, வாயால சொல்லிச் சொல்லிப் பழக்குவேன். இந்தத் தடவ ஊருக்கே ஒரே வரி.”

மதுரைக்கு வர அவருக்கு இப்போது மனமில்லை. எங்களுக்கு எழுதியபோது பயம் இருந்தது. ஊர் தன்னை இப்படி மறைத்த பிறகு பயம் போய்விட்டது என்றார். “ஒரு மாசத்துல அடங்கிரும். அதே மைதானத்துல திரும்பப் போடுவேன். நான் போனா நாடகமும் போச்சுக்கா. வரி பூரா என் வாயிலதான இருக்கு?”

அவர் பேசப் பேச நான் அவர் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் வெள்ளைக் கட்டு.

“இது எப்போது?”

“முந்தாநாளு. பாக்கு வெட்டுறப்ப பட்டுச்சு.”

மருந்துக்கடையில் கேட்டதைச் சொன்னேன். கட்டைப் பற்றிச் சொன்னது அவர் ஒருவர்தான் என்றும் சொன்னேன். மேரி அண்ணனின் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டார்.

“கட்டுத்துணி நாந்தான் வாங்கினேன். அண்ணனுக்குன்னு மெதுவாத்தான் சொன்னேன். அப்ப அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் கடையில நின்னான்.”

அந்தச் செவ்வாய்க்கிழமை போய்ப் பத்து நாளாகிறது; முந்தாநாள் வாங்கிய கட்டோடு அவர் கப்பலேறினார் என்றால், ஆள் இன்னும் இங்கேதான் என்று அந்த இரண்டு பேருக்கும் புரிந்துவிடும்.  பிறகு இருதயராஜ் மெதுவாகச் சொன்னார்: “எங்க குழுவுல தங்கராசு எப்பவும் அப்பிடித்தான். குடுத்த வரியில நிக்க மாட்டாரு. சொந்தமா ஒண்ணு சேத்தாத்தான் நடிச்ச மாதிரி இருக்கும் அவருக்கு.” அதில் கோபமே இல்லை. அதுதான் என்னை அதிகம் வருத்தியது. நானும் ஊரெல்லாம் விசாரித்து என் பங்குக்குக் கெடுத்திருந்தேன்.

இனி இங்கே ஒளிந்திருக்க முடியாது என்று அவரும் ஒப்புக்கொண்டார். மறுநாள் விடிந்ததும் ரங்கத் பே படகுத்துறைக்குப் போனோம். கடைத்தெருவிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர். போர்ட் பிளேயர் போகும் படகு காத்திருந்தது. மேரி தோப்பிலேயே நின்றுவிட்டார். எப்படியோ தெரிந்து, குழுவின் ஐந்து பேரும் துறைக்கு வந்திருந்தார்கள். யாரும் எங்களிடம் வரவில்லை. மீன்கூடை அருகே ஒருவர், கயிற்றுக் கம்பத்தருகே ஒருவர் என்று தனித்தனியாக, எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்கள். பத்து நாள் முன்பே போய்விட்ட மனிதரை இன்று எப்படிப் பார்ப்பது? நாங்கள் அவர்களை உரசிக்கொண்டுதான் போனோம். ஒரு தலையும் அசையவில்லை. வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது, ஆனாலும் செத்தவரோடு நடப்பதாகவே எனக்குத் தோன்றியது.

மதுரையில் எங்கள் தெருவில் ஒருவர் வெளியூர் கிளம்பினால் பேருந்து மறையும் வரை தெருவே நின்று கையாட்டும். அதையெல்லாம் தொந்தரவு என்று சலித்துக்கொண்டவள் நான். இங்கே அந்த ஐந்து முதுகுகளைப் பார்க்க என்னால் முடியவில்லை. 

படகு விலகியது. இருதயராஜ் கரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்தார். தலையைத் திருப்பாமலே கேட்டார்:

“யாராச்சும் திரும்பிப் பாத்தாங்களாக்கா?”

நான் கரையைப் பார்த்தேன். நான்கு பேர் அப்படியே நின்றார்கள். தங்கராசு மட்டும் திரும்பியிருந்தார், கையை உயரத் தூக்கியிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பைக் வந்து நின்றிருந்தது. அதிலிருந்த இரண்டு பேரும் படகைப் பார்க்கவில்லை. தூக்கிய அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இல்லை,” என்றேன்.