ஓடு பிரித்த நாள்

அந்த ஸ்டேஷனுக்கு ரயில் வந்து பல வருஷம் ஆகியிருந்தது. யுத்தத்தின்போது தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் பிளாட்பாரத்தில் ஒரு புல் இல்லை. அன்று காலையில் பெருக்கிய விளக்குமாற்றுக் கோடுகள் மண்ணில் அப்படியே கிடந்தன. அவற்றின் மேல் நான் செருப்புக் காலோடு விறுவிறுவென்று நடந்துபோனேன். யார் பெருக்கியிருப்பார்கள் என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். இருபத்தைந்து வயதில் எனக்கு நிற்கும் பழக்கம் கிடையாது.

ஐம்பதுகளின் நடுவில் ஓசூருக்கு ஓவர்சீயராக வந்து சேர்ந்த மூன்றாம் நாள் அது. மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூர் வரைக்கும் ஒரு சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்ததாம். ராயக்கோட்டைப் பக்கம் அது மலையேறுமாம். அந்த வழியில் மிச்சமிருந்த பாலம், தண்ணீர்த்தொட்டி, ஸ்டேஷன் கட்டடம் எல்லாவற்றையும் அளந்து கணக்கெடுக்க என்னை அனுப்பினார்கள். என்ஜினீயர் விதியைச் சுருக்கமாகச் சொல்லியிருந்தார்: ஆள் குடியிருந்து பார்த்துக்கொள்ளும் கட்டடத்தை ரோடு வேலைக்காரர்கள் தங்குவதற்கு வைத்துக்கொள்வோம். சும்மா கிடப்பதைப் பிரித்துக் கல்லை ரோட்டுக்குப் போடுவோம்.

ஸ்டேஷன் வாசலில் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெரியவர் நின்றிருந்தார். சட்டையில் பித்தான் எல்லாம் சரியாக இருந்தது. ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பழைய பாயிண்ட்ஸ்மேன் என்று கீழே டீக்கடையில் சொல்லியிருந்தார்கள். நான் கேட்டதெல்லாம் அவருக்குப் புரிந்தது, பதில் மட்டும் கன்னடத்தில் வந்தது. எனக்குக் கன்னடம் சுத்தமாகத் தெரியாது, தெரியாததை ஒப்புக்கொள்ளவும் தெரியாது. அறையைத் திறந்து காட்டச் சாவியை எடுத்தார். மழை இருட்டிக்கொண்டு வந்ததால் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டுச் சுவரை வெளியிலேயே அளந்தேன். கிளம்பும்போது, "பெரியவரே, வீடு வாசல் இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லி, ஸ்வாமி" என்றார்.

பாவம், வீடு இல்லாதவர் போலிருக்கிறது. 'கட்டடத்தில் குடியிருப்பு இல்லை. வீடற்ற முதியவர் ஒருவர் அவ்வப்போது ஒதுங்குகிறார்' என்று அவர் முன்னாலேயே எழுதினேன். என் பேனா ஓடுவதை அவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கைகளையும் கூப்பினார். இது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் எப்படிப் போயிற்று என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் நான். குளிர், காற்று, புரியாத பேச்சு எல்லாம் சேர்ந்து என்னை அறைக்குள் அடைத்துவிட்டன. ஆபீஸ் விட்டால் அறை, அறையில் நானே பொங்கிய சோறு. ஞாயிற்றுக்கிழமை என் குரலை நானே கேட்காமல் பொழுது போய்விடும். அப்படி ஒரு தனிமையை நான் அதற்கு முன்னும் பின்னும் அனுபவித்ததில்லை.

ஒருநாள் காலையில் ஸ்டவ் மக்கர் செய்ததால் ஒரு ஓட்டலுக்குப் போனேன். கூட்டம். சர்வர் ஒரு பெஞ்சைத் தட்டி, "இல்லி கூத்கொள்ளி" என்றார். இடம் இல்லை என்கிறாராக்கும் என்று திரும்பினேன். அவர் என் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுச் சிரித்தார். "இல்லின்னா இல்லேன்னு நெனச்சுட்டீங்களா சார்? இங்கேன்னு அர்த்தம்."

பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். "பழைய ஸ்டேஷன்ல ஒரு ஆள்கிட்ட வீடு இருக்கான்னு கேட்டு, அவரு இல்லின்னா?"

"இதுதான் என் வீடுன்னு அர்த்தம். யாரு சார்? ஸ்டேஷன் பாயிண்ட்ஸ்மேனா? எங்க ஊருதான் அது. அவரு சம்சாரம் காய்ச்சல்ல போனதுகூட அந்த ரூம்லதான். அதை விட்டுட்டு வேற எங்கயும் போகமாட்டேன்னுட்டாரு."

ஆபீஸுக்கு ஓடினேன். அரசாங்கக் காரியம் என் அனுபவத்தில் அந்த ஒரு தடவைதான் வேகமாக நடந்திருந்தது. ஆட்கள் விடிவதற்கு முன்பே லாரியில் போய்விட்டதாக என்ஜினீயர் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னதும், "ஒரு எழுத்துக்காக ஆர்டரை மாத்தச் சொல்றியாய்யா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஃபைலை எடுத்தார்.

பஸ் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். முதலில் கண்ணில் பட்டது சுவர். புதிதாக வெள்ளையடித்திருந்தது. பாதிக் கூரையில் ஓடு இல்லை. ஏணியின் உச்சியில் காக்கிச் சட்டையோடு பாயிண்ட்ஸ்மேன் நின்று, மேலே இருந்த ஆட்கள் எடுத்துக் கொடுக்கும் ஓடுகளை ஒவ்வொன்றாக வாங்கிக் கீழே கொடுத்துக்கொண்டிருந்தார். கீழே ஓடுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. எனக்காகத் தமிழைத் தேடிப்பிடித்துப் பேசினார். "நீங்க எழுதினீங்க, ஆள் வந்துட்டாங்க ஸ்வாமி. மழைக்கு ஒழுவும். இனி ஒழுவாது. பாருங்க, ஒரு ஓடுகூட ஒடையல. எல்லாம் திரும்பப் போட்டுக்கலாம்."

லாரி ஆட்களில் ஒருவன் என்னைப் பார்த்தான். அவனாலும் சொல்ல முடியவில்லை என்று தெரிந்தது. நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்தேன். ஏணி லேசாக ஆடியது. போய் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன். கடைசி ஓடு இறங்கும்வரை பிடித்துக்கொண்டே நின்றேன். சாயங்கால பஸ்ஸுக்கு ஓடிவந்துவிட்டேன். அவருக்கு எப்போது தெரிந்தது, எங்கே போனார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தச் சர்வரின் ஓட்டல் பக்கம் நான் பிறகு தலைவைக்கவே இல்லை.

ரோட்டுக்கு உதவும் என்று விட்டுவைத்த கல்பாலம் மட்டும் இன்றும் நிற்கிறது. போன மாதம் அதைப் பாதுகாக்க வேண்டும் என்று நாலைந்து இளைஞர்கள் என்னைத் தேடி வந்தார்கள். நல்ல பிள்ளைகள். ஸ்டேஷன் இருந்த இடத்திலும் ஒரு பலகை வைக்கப்போகிறார்களாம். கடைசிவரை அதைப் பார்த்துக்கொண்டவர் ஒருவர் அங்கே குடியிருந்தார், அதைக் கட்டாயம் எழுதுங்கள் என்றேன்.

ஒரு பெண் நோட்டைத் திறந்து, "அவர் பேர் என்ன தாத்தா?" என்று கேட்டாள்.

நான் அவரிடம் கேட்டதே இல்லை.