நானுங்க

அந்தக் கடிதத்தைப் பிரித்தவள் நான்தான். பூங்கொடி அல்ல.

இந்த இரண்டு வரிகளை எழுத எனக்கு இருபது வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கிறது. நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உங்களால் அது முடியவும் முடியாது. மன்னிக்க வேண்டியவள் வேறொருத்தி. அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தேடிப் பார்க்கவும் இல்லை.

தொண்ணூறுகளில் காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் விடுதிப் பள்ளிக்கு நான் தலைமையாசிரியை. சுற்றிலும் தேங்காய்க் களங்கள். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் வகுப்பறைக்குள் கொப்பரை வாசம் வரும். உங்கள் அக்காவோ மகளோ கூட அங்கே படித்திருக்கலாம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து விடுதிப் பள்ளிகள் பலவும் பிள்ளைகளைப் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டிப்போட்டு மதிப்பெண் கறந்துகொண்டிருந்தன. நான் அப்படி இல்லை என்பதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. என் பள்ளியில் பிரம்பு கிடையாது. பெட்டிகளுக்குப் பூட்டு கிடையாது. மற்ற விடுதிகளில் பிள்ளைகளுக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். இங்கே ஒருவர் கடிதத்தை இன்னொருவர் பிரிக்கக் கூடாது. சேர்க்கைக்கு வரும் பெற்றோரிடம் இதை நான் சொல்லாமல் விட்டதே இல்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. மாலைப் பிரார்த்தனை முடிந்ததும் ஐந்து நிமிடம் எல்லோரும் கூடத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்போம். அன்றைக்குத் தவறு செய்தவர் தானாக எழுந்து "நானுங்க" என்று சொல்லி, செய்ததை ஒரு வரியில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் தண்டனை இல்லை. முதலில் நான் கைதட்டுவேன், பிறகு எல்லோரும் தட்டுவார்கள். முதல் வருடம் ஆறாம் வகுப்புக் குழந்தை ஒன்று தயிர் வாளியைக் கவிழ்த்துவிட்டு அப்படித்தான் எழுந்து சொன்னது. அந்தச் சொல்லே நிலைத்துவிட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போதும் மரியாதை குறையாத ஊர்!

ஆசிரியைகள் எழுந்ததுண்டு. சமையற்கார அம்மா எழுந்ததுண்டு. நான் ஒருநாளும் எழுந்ததில்லை. பெரிய டீச்சர் தவறே செய்யமாட்டார் என்று பிள்ளைகள் நம்பினார்கள். என்ன கொடுமை என்றால், நானும் நம்பினேன்.

பத்தாம் வகுப்பில் மகேஸ்வரி என்றொரு பெண். எண்ணெய் மில்காரர் மகள், எல்லாத் தேர்விலும் முதல். அவள் பக்கத்தில் உட்காருபவள் பூங்கொடி. அந்தியூர்ப் பக்கம் தறி நெய்பவர் மகள். இருவரும் ஒரே தட்டில் சாப்பிடாத குறைதான்.

அந்தத் தை மாதம் பள்ளியின் தாளாளர் என் அறைக்கு வந்தார். பத்தாவது முடிந்ததும் மகேஸ்வரியை அவள் அப்பா வேறு பள்ளிக்கு மாற்றப்போகிறார் என்று அவர் காதுக்குச் செய்தி எட்டியிருந்தது.

"அந்தப் புள்ள போச்சுன்னா பின்னாடியே பத்துப் பேரு போயிருவாங்கங்க டீச்சர். அப்பறம் உங்க நேர்மைய வெச்சுட்டு நானென்னங்க பண்றது?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் காலை தபாலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தவள் பூங்கொடி. அந்த வாரம் தபால் முறை அவளுடையது. மேலாக இருந்த நீல இன்லேண்டு கடிதம் மகேஸ்வரிக்கு, அவள் அப்பாவிடமிருந்து. பூங்கொடி போய்விட்டாள். நான் அந்தக் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்... எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு கதவைச் சாத்தினேன். சூடான டீ டம்ளரின் ஆவியில் அதைக் காட்டினேன். எனக்கு இந்த வித்தை எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? பூட்டில்லாத பள்ளி நடத்துகிறவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

கடிதத்தில் பள்ளி மாற்றம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் அம்மாவுக்கு மார்பில் கட்டி என்றும், கோயம்புத்தூரில் ஆபரேஷன் என்றும், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் இருந்தது. கடைசி வரி எனக்கு இன்றும் மனப்பாடம். 'எங்களுக்கு உன்னைப் பற்றிக் கவலை இல்லை, பெரிய டீச்சர் இருக்கிறார்.'

திரும்ப ஒட்டப் பார்த்தேன். பசை போய்விட்டது. மதியச் சாப்பாடு வந்ததும் நாலு சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டி, பூங்கொடியைக் கூப்பிட்டுத் தபாலைக் கொடுத்துவிடச் சொன்னேன்.

அன்று மாலை, பிரார்த்தனை முடிந்ததும் மகேஸ்வரி எழுந்தாள். கண் சிவந்திருந்தது.

"எங்கப்பா கடுதாசிய யாரோ பிரிச்சுப் படிச்சுப்போட்டு, சோத்துப் பருக்கை வெச்சு ஒட்டியிருக்காங்கங்க."

தபாலைத் தொட்ட கைகள் இரண்டே இரண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். ஒன்று என் கை. அதைப் பற்றி யார் நினைப்பார்கள்? இருநூறு தலைகளும் மெல்ல பூங்கொடியின் பக்கம் திரும்பின. அவள் மட்டும் என்னைப் பார்த்தாள். இமைக்காமல் பார்த்தாள்.

எழுந்திரு, எழுந்திரு என்று எனக்குள் நானே சொல்லிக்கொண்டேன். ஒரே ஒரு சொல். ஆறாம் வகுப்புக் குழந்தை சொன்ன சொல். எழுந்திருக்கவில்லை. பயமா? மானமா? பள்ளியின் பேர் கெட்டுவிடும் என்று அப்போது என்னையே ஏமாற்றிக்கொண்டேன். வேறொன்றுமில்லை, என் பேர்தான்.

ஐந்து நிமிடம் தாண்டிவிட்டது. அப்போது என் வாய் திறந்தது. "சொல்லிட்டா தண்டனை இல்ல. உங்களுக்கே தெரியுமில்ல, கண்ணுகளா?" என்றேன்.

ஆமாம்... சும்மா இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இதை நான் சொன்னேன்.

பூங்கொடி எழுந்தாள். "நானுங்க" என்றாள். 

நான் கைதட்டினேன். எல்லோரும் தட்டினார்கள்.

தண்டனை இல்லைதான். நான் கொடுக்கவில்லை, பிள்ளைகள் கொடுத்தார்கள். மகேஸ்வரி பெஞ்சு மாறினாள், அதற்குப் பிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. விடுதியில் பாயைத் தள்ளிப் போட்டார்கள். 'கடுதாசிக்காரி' என்று பேர் வைத்தார்கள். எல்லாம் எனக்குத் தெரிந்தே நடந்தது. இரண்டு வாரம் கழித்து பூங்கொடியின் அப்பா வந்து கூட்டிப்போக நின்றார். அவள் சொல்லிக்கொள்ள என் அறைக்கு வந்தாள்.

"பரிட்சைக்கு ரெண்டு மாசந்தான இருக்குது? எழுதிட்டுப் போ கண்ணு" என்றேன்.

"முடியலீங்க டீச்சர்." பிறகு என் மேசையைப் பார்த்தாள். "நான் கொண்டாந்து வெக்கறப்ப பசை நல்லா ஒட்டியிருந்துச்சுங்க."

"அப்பறம் நீ ஏன் கண்ணு எந்திரிச்சே?"

"நீங்க எந்திரிப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தனுங்க. எந்திரிக்கலீங்க. யாராச்சும் எந்திரிக்கோணுமில்லீங்க?"

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நான் தப்பித்திருப்பேன்.

"வாரனுங்க டீச்சர்" என்று கும்பிட்டாள். வரவில்லை. பத்தாவது பரீட்சை எழுதவில்லை. தறியில் உட்கார்ந்துவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். அவள் அப்பாவுக்கு ஒரு கார்டு போட எத்தனை முறை பேனாவை எடுத்தேன்! ஒருமுறையும் முகவரியைத் தாண்டவில்லை.

மகேஸ்வரி பன்னிரண்டாவது வரை எங்களிடமே படித்தாள். அவள் அம்மாவும் பிழைத்துக்கொண்டார். பள்ளிக்கு நல்ல பேர். தாளாளர் என் நேர்மையைப் பற்றி மேடைக்கு மேடை பேசினார்.

அந்தப் பத்தாண்டின் கடைசியில் நான் ஓய்வு பெற்றேன். பிரிவுபசார விழாவுக்குப் பழைய மாணவிகள் வந்திருந்தார்கள். மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மகேஸ்வரி மைக்கைப் பிடித்தாள். பெரிய டீச்சருக்காகப் பழையபடி ஐந்து நிமிடம் உட்காரலாம் என்றாள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். மேடையில், கழுத்தில் மாலையோடு நான்.

கடைசி வாய்ப்பு அது என்று எனக்குத் தெரிந்தது. எழுந்திருக்க நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றினேன்...

மகேஸ்வரிதான் எழுந்தாள்.

"நானுங்க. எங்கூட பூங்கொடின்னு ஒருத்தி இருந்தா. தப்ப ஒத்துக்கிட்டவகிட்ட நான் கடைசி வரைக்கும் மொகங்குடுத்துப் பேசலீங்க. டீச்சர் சொல்லிக்குடுத்தத அன்னிக்கு நான் காப்பாத்தலீங்க."

அவள் அழுதாள். கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. முதலில் கைதட்ட வேண்டியவள் நான்தானே.

தட்டினேன்.