தலையை மட்டும்தான் ஆட்டினேன்

சகோதர சகோதரிகளே, உங்கள் எல்லோருக்கும் என் சலாம். என் பெயர் ஜமால். புதுவாயலில் குடியிருக்கிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு இரும்பு உருக்காலையில் பதினாறு வருஷமாக வேலை. ஐந்து வேளை தொழுகிறவன். ஒரு மனிதனைச் சாவின் வாயில் விட்டுவிட்டு அஸர் என்கிற பிற்பகல் தொழுகைக்குப் போனவனும் நான்தான். இதை எழுதுவது எனக்குச் சுலபமில்லை. ஆனாலும் எழுதுகிறேன். என்னை அல்லாஹ் எந்தக் குழியிலிருந்து தூக்கினான் என்று நான் சொல்லாவிட்டால் அது நன்றிகெட்டதனம்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆலைக்குப் பழைய இரும்பு லாரி லாரியாக வரும். உடைந்த பைக், ஆட்டோ, குழாய், கம்பி எல்லாம். அதைப் பெரிய இரும்பு வாளிகளில் நிரப்புவார்கள். கிரேன் தூக்கிக்கொண்டு போய் உலையில் கொட்டும். கொட்டுவதற்கு முன்னால் வாளியைப் பார்த்துச் சொல்வது என் வேலை. இரண்டு பக்கமும் அடைத்த குழாய், வண்டியின் ஷாக் அப்சார்பர் மாதிரி மூடிய சாமான் எதுவும் உள்ளே போகக்கூடாது. அதற்குள் எண்ணெயோ தண்ணீரோ இருந்து, உருகின இரும்பில் விழுந்தால் வெடிக்கும். உலைமேடையில் நிற்கிறவன் மேல் நெருப்பு மழைதான். பார்த்து முடித்தவர் வாளியின் மேல் சாக்பீஸால் தன் அடையாளத்தைப் போடவேண்டும். என்னுடையது ஒரு வட்டம். அடையாளம் இருந்தால்தான் கிரேன்காரர் தூக்குவார். இல்லாவிட்டால் தொடமாட்டார்.

ஏழுமலையும் நானும் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். அவருக்கு ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். கொஞ்சம் நெல்வயல் உண்டு. பொங்கலுக்குப் புது அரிசி எங்கள் வீட்டுக்கு வரும். பெருநாளுக்கு எங்கள் பிரியாணி அவர் வீட்டுக்குப் போகும். அப்படி இருந்தவர்கள்தான் நாங்கள். போன வருஷம் ஃபோர்மேன் வேலை காலியானது. எனக்குத்தான் வரும் என்று நம்பினேன். அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் தலையில் வெள்ளை ஹெல்மெட் ஏறியது. என் தலையில் அதே மஞ்சள் ஹெல்மெட்.

எனக்கு வயிறு எரிந்தது. சாதாரண எரிச்சல் இல்லை. சோறு இறங்கவில்லை. அந்த வெள்ளை ஹெல்மெட் கண்ணில் படும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். தெருவில் எல்லோரும் என்னை "ஃபோர்மேன் பாய்" என்று கூப்பிடுவதுபோல நானே நினைத்துப் பார்த்துக்கொள்வேன். வயசு நாற்பத்தி ஆறு. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

வெளியே பார்த்தால் நான் நல்ல தீன்தாரி, மார்க்கப்பற்று உள்ளவன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் முதல் வரிசையில்தான் நிற்பேன். தினமும் ஃபஜ்ர் என்கிற விடியற்காலைத் தொழுகைக்குப் பிறகு கையேந்தி இரண்டு துஆ கேட்பேன். ஒன்று, "யா அல்லாஹ், அந்த இடத்தை எனக்குக் கொடு." இன்னொன்று, உள்ளம் சுத்தமாவதற்காக எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் எல்லோரையும் கேட்கச் சொன்னது. "யா அல்லாஹ், என் கல்பைச் சுத்தமாக்கு, துன்யாவின், இந்த உலகத்தின், ஆசையை அதிலிருந்து எடுத்துவிடு." முதல் துஆவுக்குக் கண்ணில் தண்ணீர் வரும். இரண்டாவதைச் சொல்லி முடிக்க ஒரு மூச்சு போதும். ஒருநாள் என் மனைவி நஸீமா நாஷ்டா வைத்துக்கொண்டே சிரித்தாள்.

"ஏங்க, ஃபோர்மேன் வேலைய கேக்கும்போது மட்டும் அந்த அழுகை அழுவுறீங்க. கல்பு துஆ வந்தா பஸ் கண்டக்டர் ஸ்டாப் பேரு சொல்றா மாரி ஓட்டிக்கினு போறீங்களே."

நான் முறைத்தேன். அவள் இட்லியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அஸர் நேரத்தில் நான் பத்து நிமிஷம் தொழப் போக, அந்தப் பத்து நிமிஷமும் என் இடத்தில் நின்று வாளி பார்ப்பது ஏழுமலைதான். பல வருஷப் பழக்கம். ஃபோர்மேன் ஆன பிறகு நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. வெள்ளை ஹெல்மெட்டோடு வந்து, "பாய், டைம் ஆச்சு, போய்ட்டு வா, நான் பாத்துக்கினு இருக்கேன்" என்பார். அதுகூட எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பெரிய மனுஷன் என்று காட்டுகிறான் பார் என்று நினைத்துக்கொள்வேன். நஃப்ஸு என்கிற உள்மனசு கெட்டுவிட்டால் தேனைக் கொடுத்தாலும் கசக்கும்.

அன்று வியாழக்கிழமை. நோன்புக்குப் பத்து நாள் இருக்கும். அஸருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வாளியைப் பாதிவரை கிளறியிருந்தேன். கம்பித் துண்டுகளுக்கு அடியில் ஒரு ஷாக் அப்சார்பர் தெரிந்தது. பெரியது. லாரியுடையது. இரண்டு பக்கமும் மூடியிருந்தது. கையை விட்டு இழுக்கப் போனேன். அந்த நேரத்தில் பின்னால் ஏழுமலையின் குரல்.

"பாய், டைம் ஆச்சு. இது எல்லாம் பாத்தாச்சா?"

நான் கையை வெளியே எடுத்தேன். அல்லாஹ் சாட்சியாகச் சொல்கிறேன், அதற்கு ஒரு நிமிஷம் முன்னால்கூட அப்படி ஒரு எண்ணம் எனக்கு இல்லை. அந்த நொடியில் வந்தது. ஒரு சின்ன வெடிச் சத்தம் வரும். உலையோரம் கொஞ்சம் சிதறும். எல்லோரும் கவசம் போட்டிருக்கிறார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகாது. வாளியில் யார் அடையாளம் என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான், வெள்ளை ஹெல்மெட் இறங்கிவிடும். இப்படி நஃப்ஸு எனக்கு எல்லாவற்றையும் அழகாக அடுக்கிக் கொடுத்தது. நான் வாய் திறக்கவில்லை. தலையை மட்டும்தான் ஆட்டினேன். ஆமாம், பார்த்தாச்சு என்று.

அவர் என்னை நம்பினார். குனிந்து பார்க்கவில்லை. பையிலிருந்து சாக்பீஸை எடுத்து வாளியில் 'ஏ' என்று எழுதினார். நான் நடந்து போய்விட்டேன்.

ஸ்டோருக்குப் பின்னால் ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கிறது. பக்கத்தில் அட்டை விரித்துத்தான் தொழுவோம். கை, முகம், கால் கழுவி ஒளு செய்தேன். தொழ நின்று தக்பீர் கட்டினேன். என்ன ஓதினேன் என்று தெரியாது. முதல் ரக்அத்தில் சுஜூதுக்குப் போனேன். உலை ஓடும்போது தரையில் ஒரு உறுமல் இருக்கும். நெற்றியை அட்டையில் வைத்ததும் அது என் மண்டைக்குள் கேட்டது.

அங்கேதான் ஒரு எண்ணம் என்னை அடித்துப்போட்டது. இந்தச் சுஜூது செய்ய எனக்கு நேரம் கொடுத்தது யார்? ஏழுமலை. அவர் கொடுத்த பத்து நிமிஷத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு, அவர் மேல் நெருப்பு விழட்டும் என்று காத்திருக்கிறேன். என்னைப் பார்த்து எனக்கே பயம் வந்தது. பதினாறு வருஷம் ஊரான் வாளியையெல்லாம் கிளறிப் பார்த்தவன், எனக்குள் இப்படி ஒன்று மூடிக் கிடந்ததைப் பார்க்கவே இல்லை. வாயில் ஒன்றுதான் வந்தது. "யா அல்லாஹ், அந்த வாளியை நிறுத்து. என்னை என்ன வேண்டுமானாலும் செய், அந்த வாளியை நிறுத்து."

உயிரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் தொழுகையை விட்டுவிட்டு ஓடு என்றுதான் மார்க்கம் சொல்கிறது. தொழுகையை முடிக்கும் சலாம்கூடக் கொடுக்காமல் எழுந்து ஓடினேன். செருப்பு இல்லை. ஸ்டோரைத் தாண்டும்போது அந்த உறுமல் நின்றுவிட்டது. உலை நின்றுபோனது. முடிந்தது, எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

உள்ளே போனால் ஒரே இருட்டு, உலை வாயில் மட்டும் சிவப்பு. கரண்ட் போயிருந்தது. அந்த வாளி பாதி வழியில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உலையின் வெளிச்சத்தில் சாக்பீஸ் 'ஏ' எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கீழே மேடையில் பீகார்த் தம்பிகள் இரண்டு பேரும் ஏழுமலையும். அன்று ஆள் குறைவு. வாளியில் அடையாளம் போட்ட கையோடு அவரே போய் நின்றிருக்கிறார். முகக் கவசத்தைத் தூக்கிவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெறும் முகம்.

"இறக்காத, இறக்காத, கொட்டாத" என்று கத்திக்கொண்டே மேடைக்கு ஓடினேன். கரண்ட் திரும்பி வந்ததும் கிரேன்காரர் வாளியைத் தரையில் கொண்டுவந்து வைத்தார். கையைக் கிழித்துக்கொண்டு கம்பிகளை இழுத்துப் போட்டேன். அடியிலிருந்து அந்த ஷாக் அப்சார்பரை வெளியே எடுத்தேன். ஏழுமலை என்னைக் கட்டிக்கொண்டார்.

"சாமி மாரி வந்த பாய்" என்றார். நான் கட்டையாக நின்றேன்.

அந்த நேரமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாள் காலையில் மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"வாளியில யார் மார்க்?" என்று கேட்டார்.

"என் மார்க்குதான் சார். நான் குனிஞ்சி பாக்கல. தப்பு என்மேலதான்" என்றார் ஏழுமலை.

பாய் தலையை ஆட்டினார், அதனால்தான் போட்டேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்குத் தோன்றவே இல்லை. மேனேஜர் அவருடைய வெள்ளை ஹெல்மெட்டை வாங்கி மேஜைமேல் வைத்தார். என் பக்கம் தள்ளினார். "ஜமால் பாய், மூணு உயிரைக் காப்பாத்தியிருக்கீங்க. இனிமே இந்த வேலையை நீங்க பாருங்க."

சகோதரர்களே, ஒரு வருஷம் அழுது அழுது கேட்டது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. என் முதல் துஆ கபூலாகி மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. ஹெல்மெட்டின் உள்பட்டையில் அவருடைய வேர்வைகூட இன்னும் காயவில்லை. அதைத் தொட எனக்குக் கை போகவில்லை. செத்த ஆட்டைப் பார்ப்பதுபோல இருந்தது. இதற்காகவா, இதற்காகவா என்று மனம் அடித்துக்கொண்டது.

"சார், அதுல ஷாக் அப்சார்பர் இருந்தது எனக்கு முன்னாடியே தெரியும்" என்றேன். "இவர் கேட்டாரு. பாத்தாச்சுன்னு தலையாட்டிட்டுப் போனேன். இவருக்குக் கெட்ட பேரு வரட்டும்னுதான்."

ஏழுமலை என் பக்கம் திரும்பினார்.

"தெரிஞ்சேவா பாய்?"

"தெரிஞ்சேதான்."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

என்னை இரண்டு மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். போலீஸுக்குப் போகாமல் விட்டதே பெரிது. நஸீமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் சோறு போட்டாள், பேசவில்லை. மூன்றாம் நாள் ஃபஜ்ருக்குப் பிறகு நான் கையேந்தி உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கண்டக்டர் மாரி ஓட்டினீங்களே, அந்தத் துஆதாங்க கபூல் ஆயிருக்கு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம். என் கல்பைச் சுத்தமாக்கு என்று வாயால் மட்டும் கேட்டேன். அல்லாஹ் அதைக் காதில் வாங்கிக்கொண்டான். சுத்தம் செய்வதற்கு முன்னால் உள்ளே என்ன கிடக்கிறது என்று எடுத்துக் காட்டினான். அன்று நான் அழுத அழுகை முன்பு அழுததுபோல இல்லை.

ஆனால் மனிதனுக்குச் செய்த தீங்கை அந்த மனிதன்தான் மன்னிக்கவேண்டும். ஊத்துக்கோட்டைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் அவர் கிராமத்துக்குப் போனேன். அவர் வயல் வரப்பில் நின்றிருந்தார்.

"உன்ன பாத்தாலே எனக்கு பேஜாரா கீது பாய். ஊட்டுக்குப் போ" என்றார். நியாயம்தான். திரும்பி வந்தேன். அந்தப் பெருநாளுக்கு அவர் வீட்டுக்குப் பிரியாணி அனுப்ப எனக்கு முகமில்லை.

வேலைக்குத் திரும்பியபோது சாக்பீஸை என்னிடம் கொடுக்கவில்லை. இரும்பு பொறுக்கிப் போடும் சாதாரண ஆளாகத்தான் சேர்த்தார்கள். ஏழுமலைதான் ஃபோர்மேன். வெள்ளை ஹெல்மெட் தினமும் என் முன்னால் போகும், வரும். வயிறு எரியவில்லை. நம்புங்கள், அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். அது ஒரு ஹெல்மெட், அவ்வளவுதான். பள்ளிவாசலில் இப்போது எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே நிற்கிறேன். ஏழுமலை மட்டும் என்னோடு பேசவில்லை. என் இடத்தில் நிற்க ஆள் இல்லாததால், வேலை முடிந்து, அஸரின் கடைசி நேரத்தில் அவசரமாகத் தொழுவேன். அவர் என்னைப் பார்ப்பார், பார்க்காததுபோலப் போவார். நான் ஒவ்வொரு சுஜூதிலும் அவர் பெயரைச் சொல்லித் துஆ கேட்டேன். அவர் வீடு, அவர் வயல், அவர் கண், அவர் முகம், எல்லாவற்றுக்கும். முதலில் கஷ்டப்பட்டுக் கேட்டேன். பிறகு தானாக வந்தது.

மூன்று மாதம் கழிந்திருக்கும். ஒரு சாயங்காலம் ஒரு வாளியில் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பூட்ஸ் கால் இரண்டு வந்து நின்றது.

"டைம் ஆச்சு" என்றார் ஏழுமலை. வேறெங்கோ பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

"மேல மட்டும்தான் பாத்திருக்கேன். கீழ பாக்கல" என்றேன்.

"போய்ட்டு வா பாய்" என்று சொல்லிவிட்டு, இடுப்பை வளைத்து வாளிக்குள் கையை விட்டார். அடிவரை பார்த்தார்.

இதைப் படிக்கிறவர்களே, துன்யாவைக் கேட்பதாக இருந்தாலும் அல்லாஹ்விடம்தான் கேளுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கல்பைச் சுத்தமாக்கச் சொல்லிக் கேட்கும்போது கொஞ்சம் நின்று கேளுங்கள். உள்ளே ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவனிடம் கொடுத்தால் அடிவரை பார்ப்பான். பயமாகத்தான் இருக்கும். பயந்துகொண்டாவது கொடுத்துவிடுங்கள். எல்லாப் புகழும் அந்த வாளியை நிறுத்தியவனுக்கே.